ஒற்றுமைத் தொட்டி

பத்திரப்பதிவு அலுவலகத்தின் பழைய ஆவண அறையில் வேலை பார்த்த குமாஸ்தாவின் இடது காதுக்குப் பின்னால், ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு கும்பிடுபூச்சி முட்டைக்கூடு வைத்தது. வால் பக்கத்திலிருந்து நுரையைப் பிதுக்கிப் பிதுக்கி, அதற்குள் முட்டைகளை அடுக்கி, நுரை காய்ந்து பழுப்பாக இறுகும்வரை அங்கேயே தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்க அதற்கு மதியம் வரை ஆயிற்று. இந்தப் பூச்சி கூடு வைக்க அசையாத இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். அந்த அறையில் சுவர் இருந்தது, இரும்பு அலமாரி இருந்தது, ஜன்னல் கம்பியும் இருந்தது. தெருவில் லாரி போகும்போது அவையெல்லாம் கொஞ்சம் அதிர்ந்தன. குமாஸ்தா அதிரவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் பூச்சியை விரட்டவில்லை. ஒருவருடைய காதில் நடப்பது அவருடைய சொந்த விஷயம் என்று தலைமை எழுத்தர் சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

அலுவலகத்தில் அவனுக்கு அசையாச் சொத்து என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் எதற்காவது எழுந்தால், "நீ இரு, நான் பாத்துக்கறேன்" என்று அவனுடைய அண்ணன் தோளைப் பிடித்து உட்காரவைத்துவிடுவார். அவனுக்கு எந்தப் படிப்பு என்று முடிவு செய்தவர் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவர் அண்ணன். பெண் பார்க்கப் போய், பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்ததும் அண்ணன்தான். இவன் இருந்த இடத்தில் இருந்தான். ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டதில்லை. இதையெல்லாம் ஊர் பொறுமை என்றும், அடக்கம் என்றும், அந்தக் காலத்துப் பிள்ளை என்றும் மெச்சியது. சோம்பேறித்தனத்துக்கு ஊர் இத்தனை நல்ல பெயர்களைக் கைவசம் வைத்திருக்கிறது என்பது அவனுடைய மனைவிக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மனைவி சந்தை முனையில் பழக்கடை வைத்திருந்தாள். எல்லாரும் அவளைப் பழக்கடைக்காரி என்றே கூப்பிட்டார்கள், வீட்டில் உள்ளவர்கள் உட்பட. அவளுக்கு வாழ்க்கையில் ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். கடைக்கு மேலே இருந்த இரண்டு அறைகளில் தானும் கணவனுமாகத் தனிக்குடித்தனம் போக வேண்டும். அறைகளை வெள்ளையடித்து, பூட்டி, சாவியை இடுப்பில் செருகி வைத்திருந்தாள். கணவன் எழுந்து வந்தால் போதும். அவன்தான் எழுந்திருக்கிற ஜாதியே இல்லையே. ஆனால் அவள் அறைக்குள் வந்தால் அவனுடைய கண்கள் மட்டும் அவள் பின்னாலேயே போகும். அவள் கூடையை இறக்கினால் கண் இறங்கும், அவள் கூந்தலை முடிந்தால் கண் ஏறும். அந்த இரண்டு கண்களுக்காகத்தான் அவள் இத்தனை வருஷமாக அந்த வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்த வீடு ஊரிலேயே ஒற்றுமைக்குப் பெயர் போனது. தலைவர் கணவனின் அண்ணன். ஊர் முழுக்க அவரைப் பெரியவர் என்றது. கூட்டுறவுப் பண்டகசாலைக்கு அவர்தான் வாழ்நாள் தலைவர். எதிரில் யார் வந்தாலும், நாய் வந்தால்கூட, மார்புக்கு நேரே இரண்டு கைகளையும் குவித்துக்கொண்டு நிற்பார். மனைவியை இழந்தவர். எதனால் இழந்தார் என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவருக்கு அடுத்தவன்தான் குமாஸ்தா. அவனுக்குப் பின் ஒரு தங்கை, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட பள்ளிக்கூட டீச்சர். கடைசித் தம்பி காப்பீட்டு முகவர். எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே சோப்பு, ஒரே சீப்பு. ஒருவருக்குத் தலைவலி வந்தால் எல்லாரும் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். யாராவது தன் அறைக் கதவைச் சாத்தினால் பெரியவர் கதவுக்கு வெளியே வந்து நின்று, "உள்ள என்ன, தனியா?" என்று கேட்பார். கேட்பதிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. கையைக் குவித்துக்கொண்டுதான் கேட்பார்.

காதில் கூட்டோடு கணவன் வீட்டுக்கு வந்த அன்று பழக்கடைக்காரி கத்தியை எடுத்துக்கொண்டு போனாள். கூடு தோலோடு தோலாக இறுகியிருந்தது. தோல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பிய்த்தால் காதும் சேர்ந்து வரும், பொரிந்து போகும்வரை விட்டுவிடுங்கள் என்று சொல்லி, அரிப்புக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். அவன் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது என்றும் சொன்னார். அவன் படுத்தால் படுத்தபடி கிடப்பவன் என்பதால் அதில் சிரமம் இருக்கவில்லை. வெயில் ஏறிய ஒரு காலையில், அவன் நாற்காலியில் செய்தித்தாளின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கூடு பொரிந்தது. மெல்லிய இழைகளில் தொங்கியபடி குஞ்சுகள் கொத்துக் கொத்தாக இறங்கின. எறும்பைவிடக் கொஞ்சம் நீளம், தலையை மீறின கண். காதிலிருந்து தோள் வரை ஒரு ஜிமிக்கி போல ஆடின. கொஞ்ச நேரத்தில் உடம்பு காய்ந்ததும், ஒவ்வொன்றாக அவனுடைய சட்டையில் நடந்து, முன்கால் இரண்டையும் குவித்துக்கொண்டு நின்றன. அவன் செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. ஆனால் அவள் பக்கம் பார்த்துச் சிரித்தான். கல்யாணமாகி அவன் செய்த முதல் காரியம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

வளர்ப்பது என்று முடிவு செய்தாள். முதல் நாள் எல்லாவற்றையும் ஒரு பெரிய ஜாடியில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது ஒரு குஞ்சு இன்னொன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, யாரும் தப்பாக நினைக்க முடியாத அமைதியோடு தின்றுகொண்டிருந்தது. அவளுக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. அன்றைக்கே கடையிலிருந்த காலி ஜாடிகளையெல்லாம் கழுவிக் கொண்டுவந்து, ஜாடிக்கு ஒரு குஞ்சு என்று பிரித்து, வாயில் கொசுவலைத் துண்டைப் போட்டு ரப்பர் வளையம் மாட்டினாள். உள்ளே ஒரு குச்சி நட்டாள். தோல் உரிக்கும் நேரம் இவை குச்சியில் தலைகீழாகத் தொங்க வேண்டும். கீழே இடம் இல்லாவிட்டாலோ, அந்த நேரத்தில் யாராவது ஜாடியை ஆட்டிவிட்டாலோ, விழுந்து கோணல்மாணலாக இறுகிப்போகும். காலையும் மாலையும் ஜாடிச் சுவரில் தண்ணீர் தெளித்தாள். துளியை நக்கிக் குடித்தன. தீனிக்குப் பஞ்சமில்லை. இத்தனை வருஷமாக அவள் துண்டை வீசி வீசி விரட்டிய பழ ஈக்கள், இப்போது பப்பாளித் தோலோடு ஒரு டப்பாவில் மரியாதையாக வளர்க்கப்பட்டன. குஞ்சுகள் தோல் உரித்தன, நீண்டன, பச்சை பிடித்தன. கணவன் நாற்காலியில் இருந்தபடியே ஒவ்வொரு ஜாடியாகக் கண்ணை ஓட்டினான்.

விஷயம் வெளியே பரவியதும் ஊர் திரண்டு வந்தது. ஜாடிக்கு முன்னால் யார் போய் நின்றாலும் உள்ளே இருக்கும் குஞ்சு அவரைப் பார்த்துத் தலையைத் திருப்பி, கையைக் குவித்து, இலேசாக முன்னும் பின்னும் ஆடும். இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளக்கத்தான் அது ஆடுகிறது. ஊருக்கு அதெல்லாம் வேண்டாம். பெண்டாட்டிகூட மதிக்காத ஆசாமிகள் எல்லாம் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, ஜாடி ஜாடியாக நின்று கும்பிடு வாங்கிக்கொண்டு போனார்கள். தலைமை எழுத்தர் இரண்டு தடவை வந்தார். பூச்சிக்குத் தெரிகிறது மனிதனுக்குத் தெரியவில்லையே என்று கண் கலங்கினார். தம்பியின் காதில் பிறந்ததால் இவை தங்கள் ரத்தம்தான் என்று பெரியவர் அறிவித்தார். டீச்சர் தங்கை அவற்றுக்கு அத்தை ஆனாள், காப்பீட்டுத் தம்பி சித்தப்பா ஆனான். உறவுமுறை எல்லாம் முடிவானதும் பெரியவரின் பார்வை ஜாடிகளின் மேல் விழுந்தது.

"ஒரு வீட்டுப் பிள்ளைங்களை இப்படி ஆளுக்கொரு ஜாடியில பிரிச்சு வெச்சா என்னம்மா அர்த்தம்?" என்று கேட்டார்.

"சேர்த்து வெச்சா ஒண்ணை ஒண்ணு தின்னுடும்" என்றாள் பழக்கடைக்காரி.

"தின்னுடுமா. எங்க வீட்டு ரத்தமா?"

"நான் கண்ணால பார்த்தேன்."

"பார்க்கிற கண்ணுல இருக்கு எல்லாம்" என்றார் பெரியவர், யாரையும் புண்படுத்தாத குரலில். டீச்சர் தங்கை தன் பங்குக்கு, "அண்ணி ஆரம்பத்துலேருந்தே தனி, தனின்னுதான் யோசிக்கிறாங்க" என்றாள். காப்பீட்டுத் தம்பி எல்லாப் பக்கமும் தலையாட்டினான். பழக்கடைக்காரி கணவனைப் பார்த்தாள். அவன் கண் ஜாடிக்குப் போயிற்று, அண்ணனுக்குப் போயிற்று, பிறகு தரைக்குப் போயிற்று. இந்த வீட்டில் ஆள் யாராவது இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு அவள் கடைக்குப் போய்விட்டாள். போகும்போது கூடையில் பழத்துக்கு அடியில் சில ஜாடிகளை மறைத்து எடுத்துப் போனாள்.

பெரியவர் கண்ணாடித் தொட்டி ஒன்று செய்யச் சொல்லி, கூடத்தின் நடுவில் வைத்தார். மேலே விளக்கு, உள்ளே பச்சைக் கம்பளம், வெளியே ஒற்றுமை என்று எழுதிய பலகை. பண்டகசாலை உறுப்பினர்கள் கைதட்ட, மீதி ஜாடிகளையெல்லாம் அதில் கவிழ்த்தார். குஞ்சுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று பார்த்துக் கையைக் குவித்தன. அந்தக் காட்சியைப் படம் எடுத்து, சட்டம் போட்டு, தொட்டிக்கு மேலே மாட்டினார்கள். மறுநாள் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது. கம்பளத்துக்கு அடியில் இருக்கும் என்றார்கள். அதற்கு மறுநாள் இன்னும் குறைவு. கூச்ச சுபாவம் என்றார்கள். தொட்டியின் மூலையில் கால்களும் ஒன்றிரண்டு தலைகளும் கிடந்தன. தோல் உரிக்கிறது என்றாள் டீச்சர் தங்கை. அவள் படித்தவள், அவள் சொன்னால் சரி. வாரம் முடிவதற்குள் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, விரல் தடிமனில், வயிறு புடைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "பாத்தீங்களா, கூட்டமா வளர்ந்த பிள்ளைக்கு எப்படி ஒரு போஷாக்கு" என்று பெரியவர் வருவோர் போவோரிடம் காட்டினார். வந்தவர்கள் படத்தையும் பார்த்தார்கள், தொட்டியையும் பார்த்தார்கள். கண்ணிருந்தும் கணக்குப் போடத் துணியாத கூட்டம் அது. அந்த ஒன்று தின்ன யாரும் இல்லாமல் சில நாளில் செத்தபோது பண்டகசாலையில் இரங்கல் கூட்டம் நடந்தது.

அது உயிரோடிருந்த நாட்களில் பெரியவர் தொட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு, வேலைவெட்டியை விட்டுவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக் கற்றுக்கொண்டாரா, முன்பே தெரிந்ததை ஞாபகப்படுத்திக்கொண்டாரா என்று சொல்வதற்கில்லை. பேசத் தொடங்குமுன் இலேசாக முன்னும் பின்னும் ஆடும் பழக்கம் அவருக்கு அப்போதுதான் வந்தது. அந்த மாதம் காப்பீட்டுத் தம்பி, வேறு தெருவில் வாடகைக்கு ஓர் அறை பார்த்திருப்பதாகச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னான். "அப்படியா, கிட்ட வா, பேசலாம்" என்றார் பெரியவர். மறுநாள் காலை உணவுக்கு ஒரு தட்டு குறைவாகப் போட்டால் போதுமாக இருந்தது. தம்பியின் கைப்பெட்டி, செருப்பு, இடுப்பு வார் எல்லாம் வாசலில் சுத்தமாகத் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. பெரியவர் சட்டைப் பொத்தான் போட முடியாமல் உட்கார்ந்து, விரல் விரலாக நக்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது. தம்பி மேல் அவருக்கு நிஜமாகவே பாசம் உண்டு. அதில் யாரும் குறை சொன்னதில்லை.

போலீஸ்காரர் ஒருவர் வந்தார். பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். போலீஸ்காரர் டீ குடித்தார், சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துப் பாராட்டினார், குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் எல்லாருக்கும் தெரியும். முடிதிருத்தும் கடையில் பேசினார்கள், பேருந்து நிறுத்தத்தில் பேசினார்கள். பேசி முடித்ததும், என்ன இருந்தாலும் மரியாதை தெரிந்த மனுஷன் என்று முடித்தார்கள். டீச்சர் தங்கைக்கும் தெரிந்துதான் இருந்தது. கூடத்தில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே, "அண்ணன் நம்ம நல்லதுக்குத்தான் செய்வாரு" என்று ஒரு நாள் தானாகவே சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை, கழுவும் தொட்டி ஓரத்தில் அவளுடைய மூக்குக்கண்ணாடி மட்டும் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் வேறு டீச்சர் போட்டார்கள். புதியவள் மார்க்கு அள்ளிப் போடுகிறாள் என்று பெற்றோர்களுக்குத் திருப்தி.

பழக்கடைக்காரி அன்று கடையைத் திறக்கவில்லை. வீட்டில் இனி இருப்பது பெரியவரும், தானும், நாற்காலியை விட்டு எழாத கணவனும்தான். அவளைத் தொட அவர் யோசிப்பார். அவள் நடந்துகொண்டே இருப்பவள், கையில் கத்தியும் இருக்கும். இவனை எடுக்க அவர் கையை நீட்டக்கூட வேண்டாம், சாய்ந்தால் போதும். அவள் கணவன் எதிரில் குந்தி உட்கார்ந்து, அவன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னங்க, அடுத்தது நீங்கதான். தெரியுதா?"

"அண்ணன் பாத்துப்பாரு" என்றான்.

"அவர் பாத்துக்கிட்டதுனாலதாங்க வீட்ல ஆள் குறையுது. எந்திரிங்க. ரெண்டு தெரு. நடந்து வந்தா போதும்."

அவன் அவளையே பார்த்தான். பயம் இருந்தது கண்ணில். காலில் ஒன்றும் இல்லை. அந்த நிமிஷம் அவளுக்கு அவன் மேல் வந்த வெறுப்பு சொல்லி மாளாது. இப்படியே விட்டுவிட்டுப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள், நினைத்ததை மறைக்கவும் இல்லை. "உங்களைத் தின்னாலும் அவருக்கு உறைக்காது, அவ்வளவு சப்புன்னு இருக்கீங்க" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். பிறகு போய்ப் பழவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் பெரியவர் முன்வாசலில் சாய்ந்து, கைகளை முழங்கை வரை வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டபின் அவருக்கு அது நெடுநேரம் பிடிக்கும். சந்தைச் சுமைகாரர் ஒருவரின் உதவியோடு கணவனை நாற்காலியோடு தூக்கி, வாழைத்தாருக்கும் பூசணிக்கும் நடுவில் வண்டியில் வைத்தாள். வண்டி அவரைத் தாண்டிப் போனபோது பெரியவர் தடுக்கவில்லை, பின்னால் வரவும் இல்லை. கும்பிடுபூச்சி எதையும் துரத்தாது. எட்டுகிற தூரத்துக்குத் தானாக வருவதைத்தான் பிடிக்கும். அவர் எழுந்து நின்று தெருவைப் பார்த்துக் கும்பிட்டு, "பிரிச்சுட்டா, என் தம்பியைப் பிரிச்சுக் கூட்டிட்டுப் போறா" என்று மட்டும் சொன்னார். அது போதுமாக இருந்தது. சந்தை முனை வரை ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் நின்று மூக்கில் விரல் வைத்தார்கள். கட்டின புருஷனைக் காய்கறி மாதிரி ஏற்றிப் போகிறாள் என்றார்கள். ஒருத்தி பின்னாலேயே வந்து, போகிற போக்கில் வாழைப்பழம் என்ன விலை என்றும் கேட்டாள்.

மேல் அறையில் அவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சில நாட்களில் சாப்பாட்டைத் தள்ளினான்; தோல் மங்கி, கண் பால் படிந்தாற்போல ஆயிற்று. ஜாடி ஜாடியாகப் பார்த்தவள் என்பதால் அவளுக்குப் புரிந்துவிட்டது. தரையில் இருந்ததை எல்லாம் ஒதுக்கினாள். ஒரு விடியற்காலையில் அவன் முதல் தடவையாக யாரும் சொல்லாமல் எழுந்து, துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கினான். முதுகுப் பக்கம் தையல் பிரிவது போலப் பிரிந்தது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து, ஓடிப்போய்த் தாங்கத் துடித்த இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். தொட்டால் விழுவான். அவன் தன்னிலிருந்து தானே ஈரமாக, வெளிறிப்போய், மூச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். அன்று முழுக்கக் கம்பியில் தொங்கி உலர்ந்தான். சாயங்காலம் இறங்கி வந்து, தண்ணீர் எங்கே என்று கேட்டு, அவள் எழுமுன் தானே போய் மொண்டு குடித்தான். அவன் உரித்துப்போட்ட பழைய தோல், அவனுடைய சட்டையோடும் காதில் காலியான கூட்டோடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்து, விடுப்பு முடிந்துவிட்டது என்று சொல்லி அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆவண அறையில் பழைய இடத்திலேயே வைத்தார்கள். வேலை ஒன்றும் தடைப்படவில்லை. அடுத்த வருஷம் அதற்குப் பதவி உயர்வும் வந்தது.

தோலுக்குள்ளிருந்து வந்த புது ஆள் கடைக்கு இறங்கி வந்து, எடைக்கல் வைக்கவும், அழுகலைப் பொறுக்கவும், பொட்டலம் கட்டவும் கற்றுக்கொண்டான். கையெல்லாம் கோணல்தான், முடிச்சுப் போட அரை நாள் ஆகும். ஆனால் கை நகர்ந்தது. அவள் காப்பாற்றிக் கொண்டுவந்த ஜாடிப் பூச்சிகளுக்கு இறக்கை முளைத்ததும், சந்தையைச் சுற்றி இருந்த மரங்களில், மரத்துக்கு ஒன்றாக அவன்தான் கொண்டுபோய் விட்டான். அந்த வாரத்தில் பெரியவர் கடைக்கு வந்தார். வீட்டில் தனியாக இருந்து ஒட்டிப்போயிருந்தார். கையைக் குவித்துக்கொண்டு, இலேசாக ஆடிக்கொண்டு தம்பியின் எதிரில் நின்றார். நடுவில் பழம் அடுக்கிய பலகை இருந்தது. அவள் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, பலகையின் முன்னால் தர்பூசணியை இரண்டு வரிசையாக அடுக்கிவிட்டிருந்தாள்.

"வீட்டுக்கு வாப்பா. உன் நாற்காலி அப்படியே இருக்கு" என்றார்.

தம்பியின் ஒரு கால் முன்னால் வந்தது. பழக்கம் அப்படி. பழக்கடைக்காரி அவனைப் பிடித்து இழுக்கவில்லை. வண்டியில் ஏற்றியதுபோல இன்னொரு முறை ஏற்ற முடியாது, ஏற்றவும் மாட்டேன் என்று முடிவு செய்திருந்தாள். போனால் போகட்டும். அவன் கொஞ்ச நேரம் அண்ணனின் கைகளைப் பார்த்தான். பிறகு அந்தக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டான்.

"இல்லண்ணே. நான் இங்கயே இருக்கேன்."

"நான் உனக்கு என்னப்பா குறை வெச்சேன்?"

"எனக்கு வெக்கலைண்ணே. தம்பிக்கும் தங்கச்சிக்கும்..." என்றான். சொல்லி முடிப்பதற்குள் பெரியவரின் இரண்டு கைகளும் பாய்ந்தன. அத்தனை வேகத்தை அந்த வயதில் யாரும் எதிர்பார்க்க முடியாது. கையில் அகப்பட்டது தர்பூசணி. அவர் அதைத் தோலோடு, விதையோடு, நின்ற இடத்திலேயே சாப்பிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். என்னதான் மனத்தாங்கல் என்றாலும் தம்பி கடையில் கைநனைத்துவிட்டுத்தான் போகிறார் என்று சந்தையில் உருகினார்கள்.

மறுநாள் அந்த வீட்டு வாசலில் வாடகைக்கு என்று பலகை தொங்கியது. பெரிய குடும்பத்துக்கு முன்னுரிமை, வீட்டுக்காரரும் கூடவே இருப்பார் என்றும் எழுதியிருந்தது. ஊர் அறிந்த கதை, யார் வருவார்கள் என்று பழக்கடைக்காரி நினைத்தாள். ஊரை அத்தனை நாள் பார்த்தும் அவளுக்குப் புத்தி வரவில்லை. பத்துப் பேர் வரிசையில் நின்று போட்டி போட்டார்கள். கடைசியில் மாமனார், மாமியார், மகன்கள், மருமகள்கள் என்று ஒரு நிறைந்த குடும்பத்துக்கு வீடு அமைந்தது. சாமான் ஏற்றிய வேனைச் சந்தை முனையில் நிறுத்திவிட்டு, வீட்டுக்காரருக்குக் கொடுக்க ஆப்பிள் வாங்க மூத்த மருமகள் இறங்கி வந்தாள்.

"அந்த வீட்டுக்கா போறீங்க? அவர் ஆளைத் தின்னுடுவாரும்மா" என்றாள் பழக்கடைக்காரி.

"சொன்னாங்க" என்றாள் மருமகள். "தண்ணி எப்படி, ரெண்டு வேளையும் வருமா?"

"வரும்."

"அது போதும். முன்ன இருந்த வீட்டுக்காரர் பார்த்தா ஒரு கும்பிடு போட மாட்டாரு." ஆளுக்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று என்று எண்ணி வாங்கிக்கொண்டு வேனில் ஏறினாள். தராசைப் பிடித்திருந்த கணவன் அதைக் கீழே வைத்தான். யாரும் சொல்லவில்லை. கடையை விட்டு இறங்கி, தெருவின் நடுவில் போய், இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டு வேனுக்கு முன்னால் நின்றான். டிரைவர் ஹாரனை அழுத்தினான். அவன் நகரவில்லை, ஆனால் இந்தத் தடவை நகராமல் நின்றது அவனேதான். மாமனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அண்ணனுக்கு இருக்கும் மரியாதையில் தம்பிக்குக் கால்வாசி இல்லையே என்றார். டிரைவர் பின்னால் எடுத்து, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனான். கணவன் விரித்த கையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

"கேக்கலை" என்றான்.

"நீங்க போனீங்கல்ல" என்றாள். அவன் முழங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் எல்லா அறையிலும் விளக்கு எரிந்தது. சிரிப்புச் சத்தம் சந்தை வரை கேட்டது. மறுநாள் காலை மூத்த மருமகள் பழம் வாங்க வந்தாள். வீடு நல்ல காற்றோட்டம் என்றாள், தண்ணீர் சொன்னபடி வருகிறது என்றாள். முந்தின நாளைவிட ஒரு ஆப்பிள் குறைத்துக் கேட்டாள். கணவன் ஒன்று குறைத்துக் கட்டிக்கொடுத்தான்.